சொன்னதை மட்டும் செய்யும் மஞ்சள்

அவள் கண் சிவப்பை விட்டு நகரவில்லை.

வற்றிய கண்மாய்க்குள் விரித்த தார்ப்பாயில் இரண்டு விமானங்கள் நின்றன. ரிமோட்டில் பறப்பவை. இரண்டும் தனசிங் தன் கையால் செய்தவை. அவற்றில் ஒன்றை அவள் இன்று வாங்கிக்கொள்ளலாம்.

சிவப்பு, பார்த்தவுடன் மயக்குகிற அழகு. மூக்கு மேலே பார்க்க, தனசிங் அதை வானத்தில் அப்படியே நிறுத்தி வைத்ததைப் போன வருஷம் வாய் பிளந்து பார்த்திருக்கிறாள்.

மஞ்சளுக்கு ஒரு அலங்காரமும் இல்லை. இறக்கையில் ஒட்டுப் போட்ட இடம்கூடத் தெரிந்தது.

"சிவப்பு எல்லாம் செய்யும்க்கா. நீங்க சொல்லாததையும் செய்யும்," என்றான் தனசிங். "மஞ்சள் சொன்னதை மட்டுந்தான் செய்யும். முதல்ல அதை ஓட்டிப் பாருங்க."

அவளைவிடப் பத்து வயது இளையவன். விமானத்தைக் கரணம் போட வைப்பதென்றால் இந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதற்காக விற்கிறான் என்று யாருக்கும் பிடிபடவில்லை. கேட்டால் வீட்டில் இடமில்லை என்பான்.

அவள் இதுவரை ஓட்டியது பயிற்சி விமானம்.

தங்கமான பிறவி. என்ன குளறுபடி செய்தாலும் ரிமோட்டின் குச்சிகளை விட்டுவிட்டால் போதும், தானே நிமிர்ந்துகொள்ளும். வீட்டுக்கு வழி தெரிந்த மாடு மாதிரி. ஆனால் கொஞ்சம் உருண்டு காட்டு என்றால் சண்டித்தனம் செய்யும்.

அவளுக்கோ விமானத்தை வானத்தில் ஒரு முழுச் சுற்று உருட்டிப் பார்த்துவிட வேண்டும். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் இன்றைக்கும் பயந்துபோய் ரிமோட்டை அடுத்தவர் கையில் கொடுத்தால், ஆசையை மூட்டை கட்டிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

கண்மாயில் ஒரு பழக்கம் உண்டு. புது விமானத்தை ஓட்டுகிறவர் பக்கத்தில் கை தேர்ந்த ஒருவர் நிற்பார். நிலைமை கைமீறினால் "எடு" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ரிமோட் கைமாறிவிடும்.

அவள் அந்தச் சத்தம் கொடுக்காமல் இறங்கிய நாட்கள் குறைவு.

தனசிங் மஞ்சளின் இறக்கைகளை விரலால் தடவிப் பார்த்தான். தலையசைத்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

மஞ்சள் கிளம்பியது.

அடடா, அதுவல்லவா பறப்பது!

சாய்த்தால் சாய்ந்தது. நிறுத்தினால் நின்றது. குச்சியை மயிரிழை நகர்த்தினால் அதுவும் மயிரிழைதான் நகர்ந்தது. தனக்கென்று ஒரு அபிப்பிராயமும் அதற்கு இல்லை.

உயரம் ஏற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினாள்.

பாதி உருண்டது. சக்கரங்கள் மேலே வந்தன.

அவ்வளவுதான். எது ஏற்றும், எது இறக்கும், எல்லாம் மறந்துபோயிற்று.

"எடுப்பா! தனசிங், எடு!"

அவன் எடுக்கவில்லை.

சாத்தூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். ஸ்டியரிங்கை விடாதே என்று ஊரையே திட்டுகிறவள். இரண்டு குச்சிகளையும் விட்டுவிட்டாள். பயிற்சி விமானத்தின் பழக்கம்.

மஞ்சள் நிமிரவில்லை.

விழவும் இல்லை.

தலைகீழாகவே போய்க்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் லேசாகத் தாழ்ந்தது. யோசிக்க நேரம் கொடுத்தாள் மஞ்சள் மகராசி.

அந்த நேரத்தில்தான் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

தனசிங் அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்த இடத்தில் வெறும் வானம். விமானம் எப்போதோ அதைத் தாண்டி, வலப்பக்கம் வெகுதூரம் போய்விட்டிருந்தது.

அப்படியானால் அவன் விற்பது இதற்காக.

வீட்டில் இடமில்லையாம்.

குச்சியை முன்னால் தள்ளினாள். தலைகீழாக இருக்கையில் பின்னால் இழுத்தால் நேரே மண்தான். மூக்கு உயர்ந்தது. மீதிப் பாதியையும் உருட்டினாள். மஞ்சள் நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் போனது.

"உங்க கையிலதான இருக்கு. பெறகு ஏன்க்கா கத்துறீக?" என்றான் தனசிங். "மோட்டார் சத்தம் சீராத்தான கேக்குது."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைகீழாகப் போனாலும் தடுமாறாதபடி ஒன்றைச் செதுக்கிச் செதுக்கிச் செய்தவன், அதைப் பார்க்க முடியாமல் நிற்கிறான்.

கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்வான்.

தார்ப்பாயில் சிவப்பு கிடந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப இடது பக்கம் திரும்புது," என்றாள் சத்தமாக. "கருவேலங்காட்டுக்கு மேல வருது. வெயில் பட்டு இறக்கை மின்னுது. மறுபடி உருட்டப் போறேன்."

தனசிங்கின் சிரிப்பு நின்றது.

பிறகு முகத்தை மெல்லக் கருவேலங்காட்டுப் பக்கம் திருப்பினான்.

"எவ்வளவு உயரத்துலக்கா?"

"நாலு பனை உயரம் இருக்கும்."

"பத்தாது. இன்னும் ஏத்துங்க."

ஏற்றினாள், சொல்லிக்கொண்டே.