உடையாத குடுவை

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் என் மனைவி மில்ட்ரெட்டின் தண்ணீர்க் குடுவை இருந்தது.

முழுத் தேங்காய் ஓட்டைக் கறுக்கத் தேய்த்துப் பிரம்பால் கட்டியது. தீவிலிருந்து புனேவுக்கு நர்சிங் படிக்க வந்தபோது, துணிகளுக்கு முன்னால் இதைத்தான் பெட்டியில் வைத்தாளாம்.

கீழே ஓர் அட்டை. ‘இத்தீவினர் இறந்தவரின் பொருட்களை உடைத்துக் கல்லறையில் இடுவர். எனவே உடையாத குடுவை மிக அரிது.’

மூன்று முறை படித்தேன். யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

“அரே, ஜோனாஸ் சார், நீங்களே குடுத்துட்டு நீங்களே வாபஸ் கேட்டா எப்படி?” என்றாள் காப்பாளர் விசாலம். “முழுசா இருக்குன்னுதானே டில்லிலேர்ந்துகூட வந்து பாக்கறாங்க.”

வந்து பார்க்கிறார்களாம். மில்ட்ரெட் இருந்தபோது எங்கள் சிஞ்ச்வட் குடியிருப்பில், எந்த ஊர் என்று கேட்டவர்கள்கூடப் பதிலுக்கு நின்றதில்லை.

2002 மழைக்காலத்துக் காய்ச்சலில் போனாள். அடக்கம் முடிந்து எட்டாம் நாள், அவள் தம்பி சேவியர் கப்பலும் ரயிலுமாக வந்து சேர்ந்தான். தேஹு ரோடு கல்லறையில் அவள் சீப்பு, தட்டு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உடைத்தான்.

அவ்வளவுதானா என்று கேட்டான். அவ்வளவுதான் என்றேன்.

குடுவை என் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது.

வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. இங்கே கொண்டுவந்து கொடுத்தேன்.

நேற்று சேவியரிடமிருந்து இந்தியில் ஒரு கடிதம். அக்கா கனவில் வருகிறாள், தாகம் என்கிறாள். எதுவோ உடையாமல் இருக்கிறது. எங்கே இருந்தாலும் உடைத்துவிடுங்கள், அவள் போகட்டும்.

கடிதத்தை விசாலத்தின் மேஜையில் அடித்து வைத்தேன். பாதுகாப்பு, பாரம்பரியம் என்று அவள் ஆரம்பித்ததும் கத்தினேன். செத்தவளைப் பூட்டிவைத்து வேடிக்கை காட்டுகிறீர்களா என்று கத்தினேன். காவலாளி எட்டிப் பார்த்தார்.

அவள் கடிதத்தைக் கடைசிவரை படித்தாள். சாவியை எடுத்தாள். பெட்டியைத் திறந்து குடுவையை என் கையில் வைத்தாள்.

“ரெண்டு நிமிஷம் வெளில நிக்கறேன். கை தவறிடுச்சுன்னு எழுதிக்கறேன்.”

கதவு மூடியது.

கல் தரை. விரல்களை விட்டால் போதும்.

விசாலம் திரும்பி வந்தபோது குடுவை பெட்டிக்குள் இருந்தது. பிரம்புக் கட்டு முன்பக்கம் தெரியும்படி வைத்திருந்தேன்.

“இந்தப் பூட்டு இழுத்தா வந்துடும் மேடம்” என்றேன். “நல்லதா ஒண்ணு போடுங்க.”