நாலு மணிக்கு மேல்

இத்தாலியில், தெர்மோலி ஊரின் கோட்டை மதிலுக்குக் கீழே இருந்த கடற்கரைக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்ததும், நெவியோ சட்டைப் பொத்தானில் கை வைத்தான்.

"கையை எடு" என்றாள் அம்மா பிலோமெனா. "ரயில்ல எத்தனை மணிக்குச் சாப்பிட்டே?"

"ஒரு மணிக்கும்மா."

"இப்ப மணி ரெண்டு. சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகாம தண்ணியில கால் வைக்கக் கூடாது. நாலு மணிக்கு இறங்கு."

"கொஞ்சமாத்தானே சாப்பிட்டேன்?"

"முக்கால் தட்டுக் கத்தரிக்காயும் சீஸும் கொஞ்சமா? நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டா என்னோட பத்து நாள் லீவு போச்சு."

"எல்லாரும் என்னையே பார்க்கிறாங்கம்மா."

"பார்க்கட்டும். தொப்பியைப் போடு."

அந்தக் கட்டணக் கடற்கரையை நடத்தும் துல்லியோ, வெயில் குடைகளுக்கு நடுவே வேகமாக வந்தார். "இன்னும் ஏன் நிக்கிறான்? காலையிலேருந்து காத்திருக்கேன்."

"இப்பதான் சாப்பிட்டிருக்கான். நாலு மணி ஆகட்டும்."

துல்லியோவின் குரல் இறங்கியது. "எங்கம்மாவும் இப்படித்தான் சொல்வாங்க, சிஞ்ஞோரா. ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?"

துல்லியோ ஒரு விசிலை எடுத்து, ஆறடி உயர நெவியோவின் கழுத்தில் எக்கி மாட்டினார்.

"இவன்தான் எங்க புது லைஃப் கார்டு. தண்ணியில இறங்க மாட்டான்னா, இப்பவே வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

பிலோமெனா மகனைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். பிறகு மகன் கழுத்திலிருந்த விசிலை இழுத்து, ஓங்கி ஊதினாள். கடலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"எல்லாரும் கரைக்கு வாங்க! நாலு மணி வரைக்கும் யாரும் மூழ்கக் கூடாது!"