முதுகலைக்கு ஐந்து பேர்

எழுபத்தொரு நாட்களாக முதுகலை இயற்பியல் பாடத்தை அவள்தான் எடுத்துவந்தாள். பழைய பேராசிரியர் வேறு வேலை கிடைத்துப் பாதியில் கிளம்பியதிலிருந்து. இன்றைக்குப் போல ஒருநாளும் சாக்பீஸ் விரல்களுக்குள் வழுக்கியதில்லை.

"என்ன டீச்சரம்மா, இன்னைக்கு ரொம்பப் பயமா?" என்றான் முதல் பெஞ்சுக் கண்ணாடிக்காரன்.

"பேசாம உட்காரு. அவர் படியேறிட்டார்."

பல்கலைக்கழகம் அனுப்பிய மதிப்பீட்டாளர் முதல்வரோடு வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். காலையிலேயே இரண்டு முதுகலைப் படிப்புகளை மூடச் சொல்லி எழுதிவிட்டார் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. ஐந்து மாணவர்களாவது இருக்க வேண்டும், பாடம் நடத்த ஆள் இருக்க வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் இயற்பியலுக்கும் பூட்டுதான். இரண்டாம் ஆண்டை எட்டியவர்கள் வேறு எங்காவது போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்து, மளமளவென்று குறித்து மூடினாள். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைக் காட்டாமல் இருப்பது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

காந்தப்புலத்தில் ஒரு நிறக்கோடு ஏன் மூன்றாகப் பிரிகிறது என்று ஆரம்பித்தாள். நான்காவது வரியில் கண்ணாடிக்காரன் கை தூக்கினான்.

"மைனஸைக் காணோம்."

"அது ரெண்டு வரிக்கு முன்னாடியே ஓடிப்போச்சு. பிடிச்சுக் குடு, பார்ப்போம்."

அவன் எழுந்து வந்து பிடித்துக் கொடுத்தான். மற்ற மூவரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சிலும் ஒரு சிரிப்பு கேட்டது.

மணி அடித்ததும் மதிப்பீட்டாளர் மேசையருகே வந்தார். "பசங்க பயமில்லாம கேக்கறாங்க. நீங்களும் தப்பை ஒத்துக்கறீங்க. காலையிலேர்ந்து இப்படி ஒரு வகுப்பைப் பார்க்கலை." படிவத்தில் கற்பித்தலுக்கு நேராக இருபதுக்குப் பத்தொன்பது போட்டார்.

முதல்வர் மூச்சு விட்டார். அவளால் விட முடியவில்லை. மதிப்பீட்டாளரின் கை பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"உட்கார்ந்திருந்தது நாலு பேர். இன்னைக்குத் தேதியில அஞ்சு பேர் வந்ததா இருக்கே?"

"ஒரு பொண்ணுக்கு உடம்பு முடியலை சார்," என்றார் முதல்வர் அவசரமாக. "கைதவறிப் போட்டிருப்பாங்க. அப்படித்தானே மேடம்?"

அவள் பதிவேட்டின் பக்கம் கை நீட்டினாள்; சாக்பீஸ் தட்டுப்பட்டு உருண்டது. கீழே விழுந்த சாக்பீஸைக் கண்ணாடிக்காரன் எடுத்து மேசைமேல் வைத்தான். அவனும் அவள் முகத்தையே பார்த்தான்.

மதிப்பீட்டாளர் பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினார். "தினமும் கைதவறுமா? இந்த அஞ்சாவது பொண்ணு ஒருநாள்கூட லீவு போடலை. இன்டர்னல் மார்க்லயும் முதல் இடம். இவ்வளவு நல்லாப் படிக்கிற பொண்ணு, நான் வர்ற அன்னைக்கு மட்டும் காணாமப் போகுதா?"

"சார், அது வந்து..."

"நீங்க இருங்க சார். இவங்க சொல்லட்டும்." அவள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "உங்க வகுப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எண்ணிக்கைக்காக இல்லாத ஆளைச் சேர்த்திருந்தா நான் நாலுன்னுதான் எழுதணும். எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். உண்மையைச் சொன்னாலும் என்ன ஆகும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

அவர் பேனா மூடியைத் திறந்து, அந்த ஐந்தாவது பெயரின் மேல் வைத்தார்.

"அடிக்காதீங்க சார். அந்தப் பொண்ணு நான்தான்."