விரும்பும் பிரிவு

பிற்பகல் வெயில் பக்கவாத வார்டின் ஆறாவது கட்டிலில் ஜன்னல் கம்பிகளைக் கோடு கோடாக வரைந்து வைத்திருக்கிறது. பக்கத்து மேஜையில் ஒரு வேலை நியமனப் படிவம். இதே வார்டில் பயிற்சி முடித்து நேற்றுத்தான் பரீட்சையில் தேறிய புது நர்ஸ் அதில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். 'விரும்பும் பிரிவு' என்ற கட்டம் மட்டும் பல் விழுந்த வாயாகக் காலியாக இருக்கிறது. நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிய போனில் பெரியப்பா முழங்குகிறார். "இதய ஆபரேஷன் தியேட்டர்னு போடும்மா. சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு." "ஊசியப் பாத்தாலே மயங்கி விழறவர் நீங்க, பெரியப்பா. உங்களுக்கு எதுக்குத் தியேட்டரு?" "அது வேற கதை. பக்கவாதம் கிக்கவாதம்னு எழுதித் தொலைக்காத. குடும்ப மானம் என்னாகறது?"

பேச்சுக்கு நடுவிலும் அவளுடைய வலது கை வழக்கமான வேலையில் இருக்கிறது. கட்டிலில் கிடக்கும் தையல்காரம்மாவின் மரத்துப்போன கைக்குள் இரண்டு விரலை வைத்து, "புடிங்கம்மா" என்கிறாள். பதினோரு நாளாக இப்படித்தான் சொல்கிறாள். பதினோரு நாளாக அந்தக் கை அலுவலகக் கோப்பு மாதிரி நகராமல் கிடந்தது. இப்போது சுண்டுவிரல் மெல்ல மடங்குகிறது. அப்புறம் அதற்கடுத்த விரல். ஊசி குத்திக் காய்த்துப்போன நுனிகள் அவள் விரல்களைப் பற்றிக்கொள்கின்றன. தையல்காரம்மாவின் வாய் கோணலாகச் சிரிக்கிறது. போன் நழுவி மெத்தையில் விழுந்து, மானத்தைப் பற்றித் தலையணைக்கு எடுத்துச் சொல்கிறது. நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். எழுதும் கையை இழுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. இடது கையால் பேனாவை எடுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணல்மாணலாக எழுதுகிறாள்: பக்கவாத வார்டு.