தவராசாவின் நிறை

தவராசா செத்தபோது குகதாசனுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண் கடன் கொடுக்க இருந்தது. அதற்காக, அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி செத்துக் கிடந்த அந்தச் சொகுசு ஜீப்பையே குகதாசன் எடுத்துக்கொண்டார். கம்பனி அந்த மொடலை நிறுத்திவிட்டது. பாட்ஸ் கிடையாது, வாங்க ஆளில்லை. நிறைக்கு விற்க, லண்டன் எட்மண்டனில் நான் வேலை செய்யும் பழைய இரும்பு யார்ட்டுக்குக் கொண்டுவந்தார்.

இரண்டாயிரம் கிலோ வண்டி. கிலோவுக்குப் பதினைந்து பென்ஸ்படி முந்நூறு பவுண்தான் வரும். தராசு இரண்டாயிரத்து எண்பது காட்டியது. உள்ளே பார்த்தேன். ஒன்றுமில்லை. சாரதி சீட் மட்டும் அமுங்கிக் கிடந்தது.

"அது தவராசாதான், ஆள் எண்பது கிலோ," என்று குகதாசன் சிரித்தார். "அவன்ரை நிறைக்கும் காசு போடும், ஐசே."

யார்ட் முதலாளி அதற்கும் போட்டார். நான் ஜீப்பை நசுக்கும் மெஷினில் ஏற்றிப் பட்டனை அமத்தினேன். குகதாசன் போனை ஸ்பீக்கரில் போட்டு, தவராசாவின் மனைவி கலாவதியை அழைத்தார்.

"தங்கச்சி, உன்ரை மனிசன் மிச்சக் கடனையும் கட்டிப்போட்டான்."

"அவரோ? எப்பிடி அண்ணை?"

"ஜீப்புக்குள்ளை இருந்துதான்."



"அப்ப அவரை இறங்கச் சொல்லுங்கோ அண்ணை."

அந்த மெஷின் தொடங்கினால் இடையில் நிற்காது. ஜீப்பின் கூரை சீட் மட்டத்துக்கு வந்திருந்தது.

"கடன் தீர்ந்துது," என்று குகதாசன் போனை வைத்தார்.