கால் நொடி தாமதம்

வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் யாரோ விளையாடுகிறார்கள் என்று பல் டாக்டருக்கு ஒரு வாரமாகச் சந்தேகம். பாட்டைக் கேட்டு, தாளத்துக்குச் சரியாகப் பட்டனைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எதையும் பதிவிறக்க வேண்டாம், ப்ரவுசரில் திறந்தால் போதும். பெயர் கேட்காது, அந்தக் கம்ப்யூட்டரில் ஆடியவர்களின் மதிப்பெண்ணை மட்டும் வரிசையாகப் போட்டு வைக்கும்.

வரவேற்பில் இருக்கும் பெண்ணைத் தன் அறைக்கு அழைத்தார்.

"நீதான் ஆடுறியாம்மா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது டாக்டர். பேஷன்ட்டோட வர்ற பிள்ளைங்க யாராவது தட்டியிருப்பாங்க."

"அப்படியா? இதுல ஒரு ஆட்டம் ஆடு, பாக்கலாம்." தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

தட்டினாள். அத்தனையும் தப்பு.

"பாத்தீங்களா, எனக்கு வரவே இல்ல," என்றாள் நிம்மதியாக.

"புதுசா ஆடுறவங்க கன்னாபின்னான்னு தட்டுவாங்க. நீ ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு முந்துற. ஏன்னா உன் மேசை ஸ்பீக்கர்ல சத்தம் கால் நொடி லேட்டா வரும். அதைச் சரிபண்ண இந்த விளையாட்டுல வழியில்ல. அங்க முந்தித் தட்டியே கை பழகிடும். இந்த லேப்டாப்புல அந்த லேட் இல்ல."

கையும் களவுமாகப் பிடிபட்டவள் தலைகுனிந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"ஆடிப் பாக்காதவங்களுக்கு அந்தக் கால் நொடி தெரியாதே டாக்டர். அப்போ ரெண்டாவது இடத்துல இருக்கிறது நீங்கதானா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இறங்கியது.

"போன வாரம் வரைக்கும் முதலிடம். அந்தக் கடைசிப் பாட்டுல எப்படிம்மா தப்பாம தட்டுற?"