ஏழாம் அதிகாரத்தின் நான்

“இந்தப் பத்தி யாரோடது சிஸ்டர்?” என்று கேட்டார் புறத்தேர்வாளர்.

“என்னோடதுதான் சார்.”

அவர் கையில் சிஸ்டரின் ஆய்வேடு. மேசையில் ஃபாதரின் புத்தகம். இரண்டிலும் அதே பத்தி, காற்புள்ளி பிசகாமல்.

ஃபாதர்தான் சிஸ்டரின் நெறியாளர். பந்திக்கு முந்துகிறவர். புத்தகம் போன வருடமே வந்துவிட்டது. ஆய்வேடு இன்றுதான் வாய்மொழித் தேர்வுக்கு வந்திருக்கிறது. நகலா என்று சோதித்த கணினி இந்தப் பத்தியைச் சிவப்பில் காட்டியிருந்தது.

“அப்போ ஃபாதர் திருடிட்டாரா?”

“அப்படி நான் சொல்லல சார். என்னோடதுன்னுதான் சொல்றேன்.”

திருடியது சிஸ்டர் என்று முடிவானால் பட்டம் இல்லை. ஆறு வருட உழைப்பு குப்பைக்குப் போகும்.

பின்வரிசையில் மடத்துத் தலைவி மதரும் நான்கு கன்னியரும் உட்கார்ந்திருந்தார்கள். வாழ்த்த வந்தவர்கள்.

இருவருக்கும் சண்டை பழையது. பைபிளில் திருத்தூதர் தன் திருமுகத்தின், அதாவது கடிதத்தின், ஏழாம் அதிகாரத்தில் ‘நான், நான்’ என்று புலம்புகிறார். நல்லது எதுவென்று தெரிகிறது, கை மட்டும் வேறொன்றைச் செய்து தொலைக்கிறது என்கிறார். அந்த நான் யார்?

அவரேதான் என்பது சிஸ்டரின் கட்சி.

முகமூடி என்பது ஃபாதரின் கட்சி. அவ்வளவு பெரிய மனிதர் அப்படியெல்லாம் தடுமாறுவாரா? ஆதாமின் குரலை இரவல் வாங்கிப் பேசுகிறார். இதைச் சொல்லியே ஃபாதர் பல தேசங்களுக்கு விமானம் ஏறியிருக்கிறார்.

சிவப்பான பத்தியிலும் ஒரு நான் பேசியது. பெண் குரல். கூடாது என்று தெரிந்தே, பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாதவர்களிடம் தூக்கிக் கொடுத்தவள். கை என்னுடையது, கொடுத்தது நானில்லை என்றாள்.

“அது நான் உருவாக்கின குரல் சார்,” என்றார் ஃபாதர். “திருத்தூதர் போட்ட மாதிரியே ஒரு முகமூடி. நீங்களே சொல்லுங்க, சிஸ்டருக்கு ஏது பிள்ளை?”

அறை சிரித்தது. கன்னியரும் சிரித்தார்கள். ஃபாதருக்கு ஏது என்று யாரும் கேட்கவில்லை.

புறத்தேர்வாளர் விடுவதாக இல்லை. பத்தியின் கடைசி வரியை உரக்கப் படித்தார். பிள்ளையை இடது கையால் கொடுத்ததாக அதில் இருந்தது.

“ஏன் ஃபாதர், இடது கை?”

ஃபாதர் மலர்ந்தார். இடப்பக்கம் சாபத்தின் பக்கம் என்றார். கடைசித் தீர்ப்பில் வெள்ளாடுகள் நிற்கும் பக்கம். மனிதனைப் பாவம் பிடித்து ஆட்டும் கை அதுதான். துணைக்கு இரண்டு கிரேக்கச் சொற்களும் ஒரு ஜெர்மானியரும் வந்து போனார்கள்.

தேர்வாளரின் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. ஜெர்மானியர் பெயரைக் கேட்டால் அவருக்கு அப்படி ஆகும்.

முடிவெழுதப் பேனாவை எடுத்தவர், மரியாதைக்காக சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஏதாவது சொல்லணுமா சிஸ்டர்? ஏன் இடது கை?”

சிஸ்டர் பின்வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு நேராகத் திரும்பிக்கொண்டார்.

“வலது கையில ட்ரிப்ஸ் ஏறிட்டு இருந்துச்சு சார்.”

மதர் கண்களை மூடிக்கொண்டார்.

ஃபாதர் தன் புத்தகத்தைத் திறந்து, அந்த வரியின் ஓரத்தில் அதையும் குறித்துக்கொண்டார்.